கொட்டாத தேனீ, வெட்டாத மரம்

குளுவாங்கில் மாமா வீட்டுக் கொல்லையில் ஐந்து மரத்துண்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கெலுலுட் கூடு. இந்தச் சிறு தேனீ கொட்டாது. மரப்பிசின் கலந்து செய்த குட்டிக் குடுவைகளில் தேனைச் சேர்க்கும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் இனிப்போடு புளிப்பும் நாக்கில் தட்டும்.

“இதெல்லாம் காட்டில் வெட்டிய மரமா, மாமா?” என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது. “ஆமாம்மா, தெரியாம வாங்கிட்டேன். கூட்டுக்காக உயிருள்ள மரத்தையே சாய்க்கிறாங்கன்னு பிறகுதான் புரிஞ்சது.”

2017-இல் இந்தத் தேனுக்கென்றே எம்.எஸ். 2683 என்ற மலேசியத் தரநிலை வெளியானது. தேனுக்கு மதிப்பு கூடினால், காட்டு மரத்துக்கு ஆபத்தும் கூடத்தான் செய்யும்.

மாமா இப்போது மரத்துண்டு வாங்குவதில்லை. துண்டின் மேல் பலகைப் பெட்டி பொருத்தி, அதில் சேரும் தேனை மட்டும் எடுக்கிறார். கூட்டம் பெருகியதும் ஒரு பகுதியைப் பிரித்துப் புதுப் பெட்டியில் குடிவைக்கிறார்.

கூடு கட்டப் பிசின் வேண்டும். பிசினுக்கு மரம் வேண்டும். செம்பனை மட்டும் இருந்தால் போதாது. அதனால் வேலியோரம் மா, பலா, கெலாம் நட்டிருக்கிறார்.

அடுத்த முறை கெலுலுட் தேன் வாங்கும்போது, கூடு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.