சடங்குக்கும் போகலாம், வைத்தியரிடமும் போகலாம்

"நெஞ்சு எரியுது", "தலை அம்முது", "நித்திரை இல்லை", "ஒரே யோசினை". கிராமத்து மருந்தக வாங்கில் காத்திருப்போர் இப்படிச் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். "எனக்கு மனம் சுகமில்லை" என்று சொல்வோர் மிகச் சிலரே. உடம்பு நோவைச் சொல்ல எமக்கு வெட்கமில்லை. மன நோவைச் சொன்னாலோ "விசர்" என்ற பெயர் வந்துவிடும் என்று அஞ்சுகிறோம். இந்த அச்சத்தினாலேயே, மாற்றக்கூடிய நோயோடு பலர் வருடக்கணக்கில் வாழ்கின்றனர்.

இதனை விளங்கிக்கொள்ள, எமது கிழக்குக் கரையில் வாழும் பழங்குடி மக்களின் வாழ்வைச் சற்றுப் பார்ப்போம்.

கரையோர வேடர்

வாகரையிலும் அதற்கு வடக்கே மூதூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். மீன்பிடி, சேனைப் பயிர், விறகு, தேன், கூலி வேலை என்பனவே இவர்களின் சீவனோபாயம். 1911இல் வெளிவந்த 'தி வெத்தாஸ்' என்ற நூலில் செலிக்மன் தம்பதியர் இவர்களைப் பற்றியும் எழுதியுள்ளனர்.

2004 டிசம்பர் 26இல் கடல் இக்கரையை அடித்தது. இரண்டு வருடம் கழியுமுன் போர் வந்தது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 2007 ஜனவரிக்குள் வாகரை மக்களும் இடம்பெயர்ந்தனர். வீடு, வள்ளம், பயிர் மட்டுமன்றி, முன்னோரை வணங்கிய இடங்களையும் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்த எமக்கு இந்த இழப்பைப் பற்றி எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சடங்கு செய்யும் நன்மை

ஒருவருக்கு மனம் குழம்பினால் இம்மக்கள் முதலில் தெய்வத்திடமே போகின்றனர். முன்னோரின் குறையோ, பேயின் வேலையோ, செய்வினையோ என்று பார்க்கின்றனர். பாட்டு, ஆட்டம், தெய்வமேறுதல் என்று சடங்கு நடக்கிறது. படித்தவர்கள் சிலர் இதனை அறியாமை என்பர். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். சடங்கிலே ஊர் கூடுகிறது. நோயாளி தனித்து விடப்படுவதில்லை. துயரத்துக்கு ஒரு பெயரும், அழுவதற்கு ஓர் இடமும் கிடைக்கின்றன. உதவி கேட்கும் பழக்கம் இம்மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆயினும் சடங்கால் மட்டும் மாறாத நோய்களும் உண்டு. வலிப்பு பேய்பிடித்தல் அல்ல. அது மூளையோடு தொடர்பான நோய். இல்லாத குரல் காதில் கேட்பதும், கடும் மனச்சோர்வும் அவ்வாறே மருத்துவம் வேண்டுபவை. இவற்றுக்கு மருந்து உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம்.

தடை எங்கே?

வாகரையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். போனால் அன்றைய கூலி இல்லை. பஸ் காசும் வேண்டும். "வேடர்" என்று ஏளனமாகப் பார்ப்பார்களோ என்ற கூச்சம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக "அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பழைய பயம். இன்று பெரும்பாலானோர் வீட்டிலிருந்தபடியே மருந்தெடுத்துக் குணமடையலாம் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதில் எமது தவறும் உண்டு. செபிக்கும்படி எம்மிடம் வந்தவர்களுக்காகச் செபித்திருக்கிறோம். "வைத்தியரிடமும் போனீர்களா?" என்று கேட்க மறந்திருக்கிறோம். குருவானவரும் பூசாரியாரும் கட்டாடியாரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதித் தூரம் குறைந்துவிடும். மக்கள் எம் வார்த்தையை நம்புகிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரைக் காணுங்கள். தனியே அனுப்பாமல் ஒருவர் கூடப் போங்கள். மனச்சோர்வு மருந்து வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். "குணமில்லை" என்று இடையில் நிறுத்த வேண்டாம். சுகம் வந்ததும் தாமாக நிறுத்தவும் வேண்டாம். நோயாளியைக் கட்டிவைக்கவோ அடிக்கவோ கூடாது.

"இனி இருந்து என்ன" என்று ஒருவர் சொன்னால் அதனை வெறும் பேச்சாக எடுக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்தைப் பூட்டிவைத்துத் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் ஆலோசனை பெறலாம்.

கால் முறிந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனம் முறிந்தவரையும் அப்படியே கூட்டிச் செல்வோம்.

கூடிப் பேச:
1. எமது ஊரில் மனநோயுற்றவரை என்ன பெயரால் அழைக்கிறோம்? அப்பெயர் எங்கள் பிள்ளைக்கு வந்தால் பொறுப்போமா?
2. வைத்தியசாலைக்குக் கூடப்போகக்கூடிய இருவரை எமது ஊரில் இன்றே தெரிவுசெய்ய முடியுமா?