கை மரத்துப் போகிறதா? மோட்டார் சைக்கிளும் விசை உழுவையும் ஓட்டும் உழவர்களுக்கு

மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் இன்று உழவர் குடும்பங்களுக்கு இன்றியமையாதவை ஆகிவிட்டன. விடியற்காலையில் பால் கொண்டு செல்லவும், உர மூட்டை ஏற்றி வரவும், காய்கறிகளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் இவை பயன்படுகின்றன. வயலிலும் விசை உழுவை, விசைக் களையெடுப்பான், புல்வெட்டும் கருவி போன்றவை பெருகியுள்ளன. வேலை எளிதாகியிருக்கிறது, ஆயினும் இக்கருவிகள் அனைத்தும் அதிர்வைக் கைப்பிடி வழியே நம் கைக்குள் செலுத்துகின்றன.

வண்டியை விட்டு இறங்கியதும் விரல்கள் மரத்திருப்பது, விறுவிறுப்பது, ஊசி குத்துவது போலிருப்பது ஆகியவற்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கையை உதறிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்று விடுகின்றனர். ஆனால் பால் கறப்பது, நாற்றுப் பறிப்பது, ஒட்டுக் கட்டுவது, விதை பொறுக்குவது எல்லாம் விரல்களின் உணர்வைக் கொண்டே நடைபெறுகின்றன. அந்த உணர்வு குறையத் தொடங்குமுன் தரப்படும் எச்சரிக்கையே மரப்பு. தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் சரி செய்து கொள்ளலாம். நாட்பட விட்டால் முழுமையாகக் குணப்படுத்துவது கடினம்.

மரப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

ஒற்றை சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலும் கீழும் செல்கிறது. என்ஜின் நிமிடத்திற்கு 5,000 சுற்றுகள் சுழன்றால், விநாடிக்கு சுமார் 83 முறை அந்த உதறல் வண்டியின் சட்டத்திற்கும் கைப்பிடிக்கும் பரவுகிறது. இதனுடன் சாலையின் மேடு பள்ளங்களும் சேர்கின்றன. இந்த அதிர்வு விரல்களில் உள்ள நுண்ணிய நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்குகிறது. கைப்பிடியை இறுகப் பிடிக்கும்போது இரத்த ஓட்டம் குறைவதோடு, அதிர்வும் கைக்குள் எளிதாக ஏறுகிறது.

அதிர்வினால் கைகளுக்கு உண்டாகும் கேடு நெடுநாட்களுக்கு முன்பே அறியப்பட்டது. இத்தாலியில் காற்றழுத்தக் கருவிகளைக் கொண்டு வேலை செய்தவர்களிடம் 1911 ஆம் ஆண்டில் இது குறிப்பிடப்பட்டது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போவதை, 1918 இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். பின்னர் ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் பணிபுரியும் போக்குவரத்துக் காவலர்களிடமும் விரல் மரப்பு ஆராயப்பட்டது.

எந்த விரல் மரக்கிறது?

காரணத்தை அறிய முதலில் பார்க்க வேண்டியது மரக்கும் விரலையே ஆகும்.

1. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்: இவற்றுக்கு வரும் நரம்பு மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய வழியில் செல்கிறது. மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தே ஓட்டினால் இந்நரம்பு நசுங்கும். இரவில் மரப்பினால் விழித்துக் கையை உதறுவது இதன் முக்கிய அறிகுறி. நாள்தோறும் கையால் பால் கறப்பவர்களுக்கு ஏற்கனவே இந்நரம்புக்குச் சுமை இருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

2. சுண்டு விரல், மோதிர விரலின் ஒரு பாதி: உடலின் பாரத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியில் தாங்கிக் கைப்பிடி மேல் சாய்ந்து ஓட்டுபவர்களுக்கு இது வரும். முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்பதும் காரணமாகலாம்.

3. எல்லா விரல்களும், ஓட்டும்போது மட்டும்: அதிர்வும் இறுக்கமான பிடியும் சேர்ந்த விளைவாக இருக்கலாம்.

4. குளிர்ந்த நீரில் கை வைத்தாலோ பனிக்காலக் காலையிலோ விரல் நுனிகள் வெளுத்துப் போதல்: இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டதன் அடையாளம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதிர்வின் இடத்தைக் கண்டறிதல்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சிறிது முறுக்கிப் பார்க்கவும். அப்போதே கைப்பிடி மிகவும் அதிர்ந்தால் குறை என்ஜின் பக்கம் உள்ளது. என்ஜினைச் சட்டத்துடன் இணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். சைலன்ஸர் போல்ட்டுகளும் தளர்ந்திருக்கலாம்.

நிற்கும்போது அதிர்வின்றி, ஓடும்போது மட்டும் அதிர்ந்தால், ஆளில்லாத சமமான சாலையில் மிதமான வேகத்தில் சென்று, ஆக்சிலரேட்டரை விட்டுக் கிளட்சைப் பிடிக்கவும். அதன் பிறகும் அதிர்வு தொடர்ந்தால் சக்கரம், டயர், ஸ்போக் கம்பிகள், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உடனே அடங்கினால் என்ஜினையோ செயினையோ கவனிக்க வேண்டும். இவ்வாறு பிரித்தறிந்து மெக்கானிக்கிடம் சொன்னால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.

வண்டியில் செய்ய வேண்டியவை

செயின் தொய்வு: பெரும்பாலான 100 முதல் 125 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு போதும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் காணலாம். செயினுக்கு எண்ணெய் இடத் தவறக் கூடாது.

டயர் காற்று: கையேட்டிலும், சில வண்டிகளில் செயின் மூடியின் மேல் ஒட்டப்பட்டும் அளவு தரப்பட்டிருக்கும். சுமை ஏற்ற வேண்டும் என்று முன் டயரில் அளவுக்கு மீறிக் காற்று அடைத்தால், சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும்.

முன் ஃபோர்க்: எண்ணெய் கசிந்த ஃபோர்க் அதிர்ச்சியைத் தாங்காது. கசிவைக் கண்டதும் சீலை மாற்றவும். ஹேண்டில்பார் ஆட்டம் கொடுத்தால் மெக்கானிக்குகள் 'கோன்செட்' என்று சொல்லும் பேரிங்கைச் சோதிக்கச் சொல்லவும்.

கைப்பிடி உறை: தேய்ந்து கல்லாகிப் போன ரப்பர் உறையை மாற்றுவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் தீர்வு. அதிகத் தடிமனான உறை வேண்டாம். அதைப் பிடிக்க அதிக விசை தேவைப்படும். ஆக்சிலரேட்டர் பக்கக் கைப்பிடியில் துணியோ பழைய டியூபோ சுற்றுவது ஆபத்தானது. அது சிக்கிக் கொண்டால் ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்பாது.

முனை எடைகள்: சில வண்டிகளில் ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் சிறு இரும்பு எடைகள் உள்ளன. இவை அதிர்வைத் தணிப்பதற்காகவே பொருத்தப்பட்டவை. வண்டி விழுந்தபோது கழன்றிருந்தால் மீண்டும் பொருத்த வேண்டும்.

கிளட்ச், பிரேக் லீவர்கள்: இருக்கையில் அமர்ந்து விரல்களை லீவர் மேல் நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல்கள் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். லீவர் மிக உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் மணிக்கட்டு வளையும். மெக்கானிக் சில நிமிடங்களில் இதைச் சரி செய்யலாம். கேபிள்களுக்கு எண்ணெய் இட்டால் லீவரை அழுத்தும் சிரமமும் குறையும்.

ஓட்டும் முறை

கைப்பிடியைத் தளர்வாக, ஆனால் நழுவாமல் பிடிக்க வேண்டும். உடலின் பாரம் இருக்கையிலும் கால்களிலும் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் முழங்கால்களால் டேங்கை லேசாக அணைத்துக் கொண்டால் கைகளின் சுமை குறையும். முழங்கைகளை விறைப்பாக நீட்டாமல் சற்று மடக்கி வைக்கவும்.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு மிகுதியாகும். அவ்வேகத்தைக் கண்டுகொண்டு, மணிக்கு 5 கிலோமீட்டர் குறைத்து ஓட்டினாலே பெரும் வேறுபாடு தெரியும். மேல் கியரில் என்ஜின் திணறும்படியும் ஓட்டக் கூடாது. கீழ் கியரில் அலறும்படியும் ஓட்டக் கூடாது.

பால் கேன்களையும் பைகளையும் ஹேண்டில்பாரில் தொங்க விட்டால் அதைத் திருப்ப அதிக விசை தேவைப்படும். பிடியும் தானாக இறுகும். பின்புறம் அதிகச் சுமை ஏற்றினால் முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஹேண்டில்பார் உதறும். மூட்டையை இருக்கைக்கு நெருக்கமாகவும், முடிந்தவரை தாழ்வாகவும் கட்டுதல் நலம்.

நீண்ட பயணத்தில் அரை மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி, விரல்களைப் பத்து முறை மடக்கி நீட்டித் தோள்களைச் சுழற்றவும். ஓடும் வண்டியில் கையை விட்டு உதறக் கூடாது. மரத்த விரல்களால் பிரேக்கைச் சரியாக அழுத்த இயலாது என்பதை மறக்கக் கூடாது.

கையுறை விரல்களைக் கதகதப்பாக வைக்கும்; உள்ளங்கைக்கு மெத்தை போல உதவும். ஆனால் அதிர்வை முழுவதும் தடுக்காது. இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தையே தடுக்கும். புகைபிடித்தல் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மரப்பு உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

வயல் கருவிகளில் கவனம்

விசை உழுவையில் சுழல் கலப்பையின் கத்திகளில் ஒன்று உடைந்தாலும் எடைச்சமன் கெட்டு அதிர்வு பெருகும். தேய்ந்த கத்திகளை எதிரெதிராக உள்ளவற்றுடன் சேர்த்து மாற்றவும். என்ஜின் அடிப்போல்ட்டுகளையும் கைப்பிடி இணைப்புகளையும் வேலைக்குமுன் இறுக்கவும். கூண்டுச் சக்கரத்துடன் கெட்டியான சாலையில் ஓட்டக் கூடாது.

புல்வெட்டும் கருவியில் வளைந்த தகட்டையும், இரு பக்கமும் நீளம் ஒவ்வாத நைலான் நரம்பையும் பயன்படுத்தக் கூடாது. தோள்பட்டை வாரைச் சரியாக மாட்டினால் கருவியின் எடையைத் தோள் தாங்கும். கை வழிகாட்டினால் போதும்.

நாள் முழுவதற்கும் ஒரே கணக்கு

இதுவே மிக முக்கியமானது. கைக்கு வண்டியின் அதிர்வு, வயலின் அதிர்வு என்ற வேறுபாடு கிடையாது. காலையில் பால் வண்டி, பகலில் விசை உழுவை, மாலையில் சந்தை என்று எல்லாம் ஒரே கணக்கில் சேர்கின்றன.

ஐரோப்பிய நாடுகளின் 2002 ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரி அதிர்வு விநாடிக்கு விநாடி 2.5 மீட்டரை எட்டினால் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதிர்வு இரு மடங்கானால் நேரம் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகி விடுகிறது. அதாவது:

அதிர்வு 2.5 எனில் 8 மணி நேரம்
அதிர்வு 5 எனில் 2 மணி நேரம்
அதிர்வு 10 எனில் அரை மணி நேரம்

விசை உழுவையின் கைப்பிடியில் அதிர்வு 5 ஐக் கடப்பதுண்டு. அத்தகைய கருவியை இரண்டு மணி நேரம் ஓட்டியவருக்கு அன்றைய அளவு முடிந்துவிட்டது. அதன் பிறகு வண்டியில் செல்வதெல்லாம் கூடுதல் சுமையே.

அதிர்வை அளக்கும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கைப் பின்பற்றலாம். உழவு நாளில் வெளிவேலையை மறுநாளுக்குத் தள்ளலாம், அல்லது வீட்டில் வேறொருவரை அனுப்பலாம். உழவை இருவர் மாறி மாறிச் செய்யலாம். அதிர்வு வேலைகளுக்கு நடுவே வரப்பு வெட்டுதல், நீர் பாய்ச்சுதல் போன்ற வேறு வேலைகளை வைத்துக் கொள்ளலாம். அதிர்வை ஒருமுறை பாதியாகக் குறைத்தால் நேரம் நான்கு மடங்காகிறது என்பதால், தளர்ந்த போல்ட்டை இறுக்குவதும் தேய்ந்த கத்தியை மாற்றுவதும் வீண் செலவல்ல.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

1. ஓட்டி முடித்து அரை மணி நேரமாகியும் மரப்பு நீங்காவிட்டால்.
2. இரவில் மரப்பினால் தூக்கம் கெட்டால்.
3. சட்டைப் பொத்தான் இட இயலாமலோ, பிடித்த பொருள் நழுவியோ, கட்டை விரல் அடிச்சதை மெலிந்தோ காணப்பட்டால்.
4. வண்டி ஓட்டாத நாட்களிலும், கால்களிலும் மரப்பு இருந்தால். நீரிழிவு, தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு ஆகியவை காரணமாகலாம். பூச்சிமருந்து தெளிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
5. தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற தேமல் இருந்தாலோ, சூடு தெரியாமல் கை சுட்டுக் கொண்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும். இது தொழுநோயாக இருக்கலாம். 6 முதல் 12 மாதக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகும், மருந்து இலவசம். கூச்சப்பட்டுத் தள்ளிப் போடுவதே கை ஊனத்திற்குக் காரணமாகிறது.

ஒரு பக்கக் கை கால் திடீரென மரத்து வலுவிழந்தாலும், வாய் கோணிப் பேச்சுக் குழறினாலும், மார்பு வலியுடன் கை மரத்தாலும் வண்டியில் செல்ல முயலாமல் 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

வண்டிக்கும் விசை உழுவைக்கும் உதிரிப் பாகங்கள் கடையில் கிடைக்கின்றன, கைக்குக் கிடைப்பதில்லை. எனவே உழவர்கள் கருவிகளை உரிய காலத்தில் பழுது பார்த்து, பிடியைத் தளர்த்தி, நாளின் மொத்த அதிர்வைக் கணக்கிட்டு வேலையைத் திட்டமிட்டால், கைகளின் நலம் காத்து நெடுங்காலம் தொழில் செய்யலாம்.