ஆஃப் பண்ணினால் அணையுமா?

அந்த மெயில் காலை ஒன்பதரைக்கு வந்திருந்தது. அனுப்பியவர் பெங்களூர் ஆபீசில் இருந்த எங்கள் பெரிய மேனேஜர். விஷயம் ரெண்டே வரி. 'தி அலாரம் இன் தி கோடவுன் வென்ட் ஆஃப் அட் 2 ஏ.எம். ப்ளீஸ் செக்.'

நான் அப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். பி.காம்., முதல் வகுப்பு. (முதல் வகுப்பு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.) அலாரம் ஆஃப் ஆயிடுச்சு போலிருக்கு என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பட்டனை அமுக்கினார். தெருக்கோடி வரைக்கும் அலறியது. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். 'அலாரம் நன்றாக வேலை செய்கிறது, கவலை வேண்டாம்' என்று இங்கிலீஷில் பதில் தட்டிவிட்டு டீ சாப்பிடப் போய்விட்டேன்.

பத்து நிமிஷத்தில் போன். "அது வேலை செய்யறது எனக்கும் தெரியும்யா! ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் அடிச்சுதுன்னு கேட்டேன்!"

நமக்கு ஆஃப் என்றால் அணைப்பது. ஃபேனை ஆஃப் பண்ணு, வண்டியை ஆஃப் பண்ணு, ஓவராகப் பேசுகிறவனை ஆஃப் பண்ணு. ஸ்விட்சைப் பார்த்துப் பார்த்து வந்த வினை இது. (ஆஃப்பாயில் இந்தக் குடும்பம் இல்லை. அது 'ஹாஃப்'.)

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் ஆதி அர்த்தம் அணைவது இல்லை சார், விலகுவது. ஒரு எஃப் போட்ட ஆஃப், ரெண்டு எஃப் போட்ட ஆஃப் இருக்கிறதே, பழைய ஆங்கிலத்தில் ரெண்டும் ஒரே சொல். அப்புறம்தான் பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயின. விமானம் தரையை விட்டு விலகினால் டேக் ஆஃப். சட்டையை உடம்பிலிருந்து விலக்கினாலும் டேக் ஆஃப். பஸ்ஸை விட்டு விலகினால் கெட் ஆஃப். (நாம் 'கெட் டவுன்' என்போம். கண்டக்டரும் புரிந்துகொண்டு விசில் கொடுத்துவிடுவார்.) அலாரம், வெடிகுண்டு, துப்பாக்கி இதெல்லாம் வென்ட் ஆஃப் என்றால், அடக்கி வைத்தது கட்டை விட்டு விலகிப் புறப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அது அடிக்கிறது, வெடிக்கிறது. பிரிட்டிஷ்காரர்களுக்குப் பால் கெட்டுப் போனாலும் வென்ட் ஆஃப்தான். ஆக ஒரே ராத்திரியில் கரண்ட் வென்ட் ஆஃப், பால் வென்ட் ஆஃப், காலையில் அலாரம் வென்ட் ஆஃப். ஒண்ணு போச்சு, ஒண்ணு திரிஞ்சுது, ஒண்ணு கத்திச்சு!

'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும். இல்லை. முதலாவது தள்ளி வைப்பது, ரெண்டாவது ரத்து செய்வது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எங்கள் ஆபீஸ்காரர் ஒருவரின் தங்கை கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். அவர் அமெரிக்க மேலதிகாரிக்கு 'கால்டு ஆஃப்' என்று எழுதினார். 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், உங்கள் தங்கைக்கு இவரைவிட நல்லவர் கிடைப்பார்' என்று உருக்கமாகப் பதில் வந்தது. தை மாசம் பத்திரிகை அனுப்பியதும் துரைக்கு ஒரே ஆச்சரியம். 'அதற்குள் வேறு மாப்பிள்ளையா? உங்கள் ஊர் வேகம் யாருக்கும் வராது!'

ஒரு சின்ன இலக்கணம். 'மீட்டிங்'கை எங்கே வைத்தாலும் சரி. 'புட் ஆஃப் தி மீட்டிங்' என்னலாம், 'புட் தி மீட்டிங் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' என்று சுருக்கினால் அது நடுவில்தான் உட்காரும். 'புட் இட் ஆஃப்'. பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்காரும் குழந்தை மாதிரி. 'புட் ஆஃப் இட்' என்றால் குழந்தை கீழே விழுந்துவிடும். 'கெட் ஆஃப் தி பஸ்' வேறு ஜாதி, அதைப் பிரிக்கவே முடியாது.

'லே-ஆஃப்' பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க சினிமாவில் அப்படிச் சொன்னால் அட்டைப்பெட்டியில் சாமான் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம்முடைய பழைய 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், நிர்வாகத்தால் தற்காலிகமாக வேலை தர முடியவில்லை என்பதாகத்தான் இருந்தது. பதிவேட்டில் பெயர் இருக்கும். தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டிலும் பாதி கிடைக்கும். வீட்டுக்கு அனுப்புவதற்கு அங்கே வேறு பெயர், 'ரிட்ரெஞ்ச்மென்ட்'.

இனிமேல் சிரிப்பு கொஞ்சம் குறையும். விஷயம் 'ரைட் ஆஃப்'.

நண்பன் ஒருத்தன். வேலை போன சமயத்தில் கிரெடிட் கார்டு பாக்கி எண்பதாயிரத்தைக் கட்ட முடியாமல் விட்டுவிட்டான். சில வருஷம் கழித்து நல்ல வேலை கிடைத்தது. சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் அந்த பாக்கிக்கு எதிரே 'ரிட்டன் ஆஃப்' என்று போட்டிருக்கிறது. "மாப்ளே, பேங்க்ல தள்ளுபடி பண்ணிட்டாங்கடா!" என்று எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். 'வாழ்த்துகள்டா' என்று சொல்லி ரெண்டு ப்ளேட் கொத்து பரோட்டா சாப்பிட்டவன் அடியேன். பி.காம்., முதல் வகுப்பு.

அந்தத் தைரியத்தில் அவன் தாம்பரம் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு ஐம்பதாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஹோம் லோனுக்குப் போனான். கம்ப்யூட்டரைப் பார்த்த ஆபீசர், "சார், இதுல ரைட் ஆஃப் இருக்கே... கஷ்டம்" என்றார். லோன் கிடைக்கவில்லை. டோக்கன் பணமும் திரும்பவில்லை.

தப்பு அவன்மேல் மட்டும் இல்லை, நம் 'தள்ளுபடி' மேலும் இருக்கிறது. ஆடிக்கு ஜவுளிக்கடையில் தள்ளுபடி. கோர்ட்டில் மனு தள்ளுபடி. பேங்க் ரைட் ஆஃப் செய்தாலும் தள்ளுபடி, சர்க்கார் மன்னித்தாலும் தள்ளுபடி. 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடனுக்கு அறிவித்ததே, அது மன்னிப்பு. இங்கிலீஷில் 'வேய்வர்'. ரைட் ஆஃப் அது இல்லை. வராத கடனைச் சொத்து என்று எத்தனை வருஷம்தான் பாலன்ஸ் ஷீட்டில் காட்டுவது? லாபத்திலிருந்து அந்தத் தொகையை ஒதுக்கிவிட்டு, கடனை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். பழைய அர்த்தத்தை இங்கே போட்டுப் பாருங்கள். விலகியது என்ன? கடன். எதை விட்டு? பேங்கின் ஏட்டை விட்டு. வாங்கினவன் தலையை விட்டு இல்லை! வசூல் வேலை தொடரும்.

இது எனக்குத் தெரியாததா? காலேஜில் 'பேட் டெட்ஸ் ரெக்கவர்ட்' என்று தனிக் கணக்கே போட்டிருக்கிறேன். போனதாக எழுதிய கடன் திரும்பி வந்தால் வரவு வைக்க. மார்க் வாங்கினதோடு மறந்துவிட்டது. கொத்து பரோட்டா வேறு சூடாக இருந்தது.

போன மாசம் அவனோடு நானும் பேங்குக்குப் போனேன். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று விழும், அதுவும் கறைதான், முடிந்தால் முழுசாகக் கட்டிவிடு என்று இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னேன். வட்டியோடு கட்டி, 'நோ ட்யூஸ்' சர்டிஃபிகேட் வாங்கினான். ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லி எழுதியும் கொடுத்தோம்.

நேற்று ராத்திரி போன் பண்ணினான். "டேய், பேங்க்லேர்ந்து மெயில் வந்திருக்கு. அக்கவுண்ட் க்ளோஸ்டுன்னு போட்டிருக்கான். க்ளோஸ்டுன்னா க்ளோஸ்டுதானே? எதுக்கும் டிக்‌ஷனரி பார்த்துட்டு சொல்லு. இந்தத் தடவை பரோட்டா அப்புறம்தான்."