மலையடிவாரத்துப் பணக்கணக்கு – 9: காயத்துக்கு வரி உண்டா?

போடிநாயக்கனூரில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் வீட்டுக்குப் பணம் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, மாதம் தவறாமல் வங்கியில் ஏறும் ராணுவப் பென்ஷன். மற்றொன்று ஏலக்காய். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் விளைந்து, ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகும் காய். ஏலக்காய்ப் பணத்துக்கு வருமான வரி இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தப் பணம் பக்கத்தில் இருக்கும் பென்ஷனின் வரியை ஏற்றிவிடும் என்பது பலருக்கு ஆடிட்டர் சொல்லித்தான் தெரியவருகிறது. பணியில் உடல் சேதமான வீரருக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு.

ராணுவம் தரும் டிஸெபிலிட்டி பென்ஷனில் இரண்டு பங்குகள். பணிசெய்த காலத்துக்கானது சர்வீஸ் எலிமென்ட். உடல்திறன் இழந்ததற்கானது டிஸெபிலிட்டி எலிமென்ட். இழப்பு 100 சதவீதம் என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்தால், இரண்டாவது பங்கு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இழப்பு குறையக் குறைய அதுவும் குறையும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் கிடையாது. சிப்பாய் ஒருவர் சாதாரணமாகப் பென்ஷன் வாங்க 15 ஆண்டு பணி வேண்டும். பணியால் வந்த காயத்தால் இடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு அந்த நிபந்தனை இல்லை.

இந்தப் பென்ஷனுக்கான வரிவிலக்கு வெள்ளைக்காரர் காலத்தது. 1922 மார்ச் 21ஆம் தேதி அறிவிக்கை அது. 1961இல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தபோதும் அதைக் கைவிடவில்லை. 1970இல் நேரடி வரிகள் வாரியம் அதை உறுதிசெய்தது. 2001 ஜூலை 2ஆம் தேதி வாரியம் இன்னும் தெளிவாகவே சொன்னது: இரண்டு பங்குகளும் சேர்ந்த முழுத் தொகைக்கும் விலக்கு.

பதினெட்டு ஆண்டு கழித்து, 2019 ஜூன் 24 அன்று, அதே வாரியத்தின் 13ஆம் எண் சுற்றறிக்கை ஒரு கோடு கிழித்தது. பணியால் ஏற்பட்ட அல்லது பணியால் மோசமான ஊனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. காலம் முடித்தோ வேறு விதமாகவோ ஓய்வுபெற்றவருக்கு இல்லை.

இந்தக் கோடு யாரைத் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். பனிமலையில் கால் விரல்களை இழந்த ஒரு வீரர். ராணுவம் அவரை அனுப்பவில்லை. லோ மெடிக்கல் கேட்டகரியில் வைத்து, கிடங்கிலோ அலுவலகத்திலோ உட்காரவைத்து, காலம் முடியும்வரை வேலை வாங்கியது. அவரும் வலியோடு செய்தார். அவருடைய பென்ஷனுக்கு வரி. அதே காயத்தோடு அன்றைக்கே வீட்டுக்குப் போனவருக்கு விலக்கு. தொடர்ந்து உழைத்தவரைத் தண்டிக்கிற கணக்கு இது. காயம் எங்கே, எதனால் ஏற்பட்டது என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். அவர் எந்த வாசல் வழியாக வெளியே வந்தார் என்பது அல்ல.

இதே பிரிவினையை வேறொரு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே நிராகரித்திருந்தது. ஊன விகிதத்தை 50, 75, 100 என்று மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு வாதாடியது. ராம் அவதார் வழக்கில், 2014 டிசம்பர் 10 அன்று, காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. வரிச் சுற்றறிக்கையை எதிர்த்தும் முன்னாள் படைவீரர்கள் அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். பழைய நிலையே தொடர வேண்டும் என்று 2019 ஆகஸ்டில் உத்தரவு கிடைத்தது.

அமெரிக்காவில் பிரிப்பு வேறு மாதிரி. அங்கே முன்னாள் படைவீரர் துறை தரும் ஊன இழப்பீட்டுக்கு வரி இல்லை. பணிக்காலத்தை வைத்து வரும் ராணுவ ஓய்வூதியத்துக்குப் பொதுவாக வரி உண்டு. வீரர் இருபது ஆண்டு முடித்தாரா, பாதியில் வந்தாரா என்பது இழப்பீட்டின் விலக்கைப் பாதிப்பதில்லை.

சரி, ஏலமலைக்குத் திரும்புவோம். காயை உலர்த்துவது சந்தைக்குத் தயாராக்க விவசாயி வழக்கமாகச் செய்கிற வேலை என்பதால், ஏலக்காய் வருமானம் முழுக்க விவசாய வருமானம்தான். தேயிலை, காபி, ரப்பருக்கு இருப்பதுபோல் ஒரு பகுதியை வணிக லாபமாகப் பிரிக்கும் விதி இதற்கு இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், இரண்டையும் கூட்டித்தான் வரி விகிதம் பார்ப்பார்கள்.

2025-26ஆம் ஆண்டுக்கு, புதிய வரி முறையில், உதாரணமாக ஒரு கணக்கு. பென்ஷன் 6 லட்சம். ஓய்வுக்குப் பின் சேர்ந்த வங்கி வேலையில் சம்பளம் 5.75 லட்சம். ஏலத்தோட்டத்தில் செலவு போக 10 லட்சம். பென்ஷனுக்கு வரி உண்டென்றால், 75,000 நிலைக் கழிவு போக வருமானம் 11 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரியே வராது என்று தோன்றும். ஆனால் தோட்டத்துப் பணம் விகிதத்தை உயர்த்துவதால் வரி 1,35,000 ஆகிறது. தள்ளுபடி 60,000 மட்டும். மேல்வரியோடு 78,000 ரூபாய் கட்ட வேண்டும். பென்ஷனுக்கு விலக்கு என்றால் வரிக்கு உட்பட்டது சம்பளத்தில் 5 லட்சம்தான். கணக்கில் வரும் 15,000 தள்ளுபடியில் போய்விடும். கட்டவேண்டியது பூஜ்யம்.

எனவே பென்ஷன் ஆணையான பிபிஓவில் டிஸெபிலிட்டி எலிமென்ட் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, எந்தக் காரணத்தால் பணி முடிந்தது என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலக்கு இருந்தும் வரி பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம். காலம் தவறிய பழைய கோரிக்கைக்குத் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு உண்டு. 2024 அக்டோபர் 1ஆம் தேதி சுற்றறிக்கைப்படி, அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

வீரர் இறந்த பிறகு கணக்கு மறுபடி மாறுகிறது. போர்க்கள நடவடிக்கையில் உயிரிழந்தவரின் மனைவி, பிள்ளைகள் வாங்கும் குடும்பப் பென்ஷனுக்கு 1961 சட்டத்தின் 10(19) பிரிவு முழு விலக்கு தருகிறது. காயத்தோடு திரும்பி, பல ஆண்டு கழித்து வீட்டில் இறந்தவரின் மனைவி வாங்கும் சாதாரணக் குடும்பப் பென்ஷன் அந்தப் பிரிவுக்குள் வராது. அவருக்குக் கழிவு, பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய முறையில் 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டும்தான்.