பெயர் தாங்கிய காலணி

கூடைப்பந்து ஆட்டத்தில் நம் கண்கள் பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. ஆடுபவரின் பாதத்தை எவரும் கவனிப்பதில்லை. ஓடி வந்தவர் சட்டென்று நிற்பதும், பக்கவாட்டில் திரும்புவதும், எம்பிக் குதித்துத் தரை சேர்வதும் பாதத்தின் வேலையன்றோ? தரையில் இறங்கும் அந்த நொடியில் உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் கால்மீது விழுகிறது. ஆகவேதான் இவ்வாட்டத்திற்கெனத் தனிக் காலணி தோன்றியது.

அமெரிக்காவின் கான்வர்ஸ் நிறுவனம் 1917-இல் 'ஆல் ஸ்டார்' என்னும் கான்வாஸ் காலணியை வெளியிட்டது. ரப்பர் அடிப்பாகம், கணுக்காலை மூடும் உயரம், இறுக்கிக் கட்ட நாடா, அவ்வளவே. சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் ஊர் ஊராகச் சென்று பயிற்சி முகாம்கள் நடத்தி அதைப் பரப்பினார். 1930-களில் அவருடைய பெயர் கணுக்கால் பக்கத்து நட்சத்திர முத்திரையில் ஏறியது. பிற்காலத்தில், 1985-இல், மைக்கேல் ஜோர்டானுக்காகப் பீட்டர் மூர் வடிவமைத்த 'ஏர் ஜோர்டான்' காலணியை நைக்கி நிறுவனம் விற்பனைக்கு விட்டது. அன்றுமுதல், ஆடத் தெரியாதவர்களும் அத்தகைய காலணியை விரும்பி அணியலாயினர்.

பெண்களின் நிலை என்ன? 1995 வரை எந்த வீராங்கனையின் பெயரிலும் கூடைப்பந்துக் காலணி இல்லை. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஷெரில் ஸ்வூப்ஸ், 1993-ஆம் ஆண்டுக் கல்லூரி இறுதியாட்டத்தில் தனி ஒருவராக 47 புள்ளிகள் எடுத்தவர். அவருக்காக நைக்கி நிறுவனம் 'ஏர் ஸ்வூப்ஸ்' காலணியை 1995-இல் வெளியிட்டது. அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைப் போட்டியான டபிள்யூ.என்.பி.ஏ. ஆடத் தொடங்கியதோ 1997-இல்தான்! வடிவமைத்தவர் மார்னி கெர்பர் என்ற பெண்மணி. ஸ்வூப்ஸ் நீண்ட நகங்கள் வளர்ப்பவர். அவை ஒடியாமல் காலணியை இழுத்து மாட்ட, குதிகால் பக்கம் ஒரு பிடிவளையம் வைத்தார்கள். சிறு விஷயந்தான். ஆயினும் அணிபவளைக் கேட்டுச் செய்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

கேளாமல் செய்தால் என்ன ஆகும்? விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை நாம் அறிவோம். பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். உட்பக்கம் படியும் மண் பொம்மையாகும். அச்சின் மூக்கு கோணலானால் பொம்மையின் மூக்கும் கோணலே. காலணிக்கும் பாத வடிவான அச்சுக்கட்டை ஒன்று உண்டு. அதன்மேல்தான் தோலையோ துணியையோ இழுத்துப் பொருத்துவார்கள். நெடுங்காலம் ஆண் பாதத்தின் கட்டையையே சிறிதாக்கிப் பெண்களுக்கும் பயன்படுத்தினர். ஆனால் பெண்களின் குதிகால், முன்பாதத்தின் அகலத்தோடு ஒப்பிட, பொதுவாக ஒடுக்கமானது. எனவே முன்னால் சரியாக இருக்கும் காலணி பின்னால் வழுக்கும். பின்னால் இறுகினால் விரல்களை நெரிக்கும்.

இந்த வேதனையை நம் நாட்டில் உணர்த்தியவர் ஸ்வப்னா பர்மன். அவர் ஆடியது கூடைப்பந்து அன்று; ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டத்லான். வடவங்கத்து ஜல்பைகுரியைச் சேர்ந்த அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடையில் கிடைத்த காலணிகளையே வலியோடு அணிந்து, 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். தமக்கேற்ற காலணி வேண்டுமென அவர் கேட்ட பிறகு, அடிடாஸ் நிறுவனம் 2019-இல் ஜெர்மனியில் அவர் பாதங்களை அளந்து காலணி செய்து தந்தது. தங்கம் வாங்கிய பிறகுதான் அளவெடுக்க ஆள் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமக்கு அளவெடுக்க எவரும் வரப்போவதில்லை. நாமே பார்த்து வாங்க வேண்டியதுதான். மாலையில் பாதம் சற்றே வீங்கியிருக்கும். அப்போது கடைக்குச் செல்லுங்கள். ஆட்டத்தில் அணியும் காலுறையோடு இரு கால்களிலும் மாட்டி, நாடாவைக் கட்டி, நாலடி ஓடிச் சட்டென்று நின்று பாருங்கள். குதிகால் மேலெழும்பக் கூடாது. விரல்கள் முன்னால் இடிக்கக் கூடாது. அடிப்பாகத்திலுள்ள மீன்முள் போன்ற வரிகள் வழவழப்பான மரத்தரையைப் பற்றுவதற்காக அமைந்தவை. சிமெண்டுத் தளத்தில் விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்தபின் அதை ஆட்டத்திற்கு அணியாதீர்கள்.

அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் எனக்குப் பிடித்தது, எலினா டெல்லே டொன் என்ற வீராங்கனையின் பெயரால் 2022-இல் வெளியான 'ஏர் டெல்டான்'. அவருடைய அக்காள் பார்வையும் செவிப்புலனும் இன்றிப் பிறந்தவர். மூளை முடக்குவாதமும் உண்டு. அவரைப் போன்றவர்களும் எளிதில் அணியும்படி, பாதத்தை நுழைக்கும்போது குதிகால் பக்கம் மடிந்து வழிவிட்டு, நுழைந்ததும் மீண்டும் நிமிர்ந்துகொள்ளுமாறு அதை அமைத்திருக்கிறார்கள்.