உடைந்த மறுநொடி என்ன நிற்கும்? கண்ணாடிக் கைப்பிடி வாங்குமுன் கேட்க வேண்டியவை

கிளாஸ் ரெய்லிங் விற்கும் கடைகளில் ஒரு செய்முறை காட்டுவார்கள். இரண்டு கட்டைகளின் மேல் கண்ணாடியைப் படுக்க வைத்து ஆள் ஏறி நிற்பார். சில இடங்களில் சுத்தியலால் தட்டியும் காட்டுவது உண்டு. “டஃபண்டு கிளாஸ் சார், உடையவே உடையாது” என்பார் விற்பவர். அவர் ஏறி நின்றது உண்மைதான். ஆனால் அதே கண்ணாடியின் ஓரத்தில் கூரான ஒரு சிறு கல் பலமாகப் பட்டால் போதும், முழுப் பலகையும் நொடியில் பொடிந்து கொட்டிவிடும். பால்கனிக்கும் மாடிப்படிக்கும் கண்ணாடி வாங்குகிறவர், அது என்றாவது உடையும் என்று வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும். உடைந்த மறுநொடி, பால்கனி ஓரத்தில் நிற்கும் குழந்தைக்கும் கீழே உள்ள தரைக்கும் நடுவே என்ன மிச்சம் இருக்கும்? கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

டஃபண்டு கண்ணாடி என்பது சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமான காற்றால் சட்டென்று குளிர்வித்துச் செய்வது. மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அதற்குச் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை. உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாக ஆகாமல் சிறு மணிகளாக உதிரும் என்பதால் வெட்டுக்காயம் குறையும். குளியலறைத் தடுப்புக்கு இந்தக் குணம் போதும். ஐந்தாவது மாடிப் பால்கனிக்குப் போதாது. அங்கே மணிகள் உதிர்ந்துவிட்டால், மிச்சம் இருப்பது திறந்த வெளி மட்டுமே. அந்தச் சிறு மணிகளும் பல சமயம் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகளாகவே விழும். கீழே நடந்து போகிறவர் தலையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

யாரும் தொடாமலே உடைவதும் உண்டு. கண்ணாடி உருகும்போது கலந்துவிட்ட கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்பைடு துகள், மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்லப் பருத்து உள்ளிருந்தே பலகையை உடைத்துவிடும். இத்தகைய பலகைகளைத் தொழிற்சாலையிலேயே பிடிக்க ‘ஹீட் சோக்’ என்றொரு சோதனை இருக்கிறது. 250 டிகிரிக்கும் மேலான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பார்கள். உடையப் போவதில் பெரும்பாலானவை அங்கேயே உடைந்துவிடும். 2011-ல் கனடாவின் டொரோண்டோ நகரில் புதிய அடுக்குமாடிகளின் பால்கனிக் கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் விழுந்தன. நடைபாதைகளை அடைத்துப் பாதுகாப்புக் கொட்டகை போட வேண்டியதாயிற்று. அதன் விளைவாக 2012 ஜூலையில் ஒண்டாரியோ மாகாணம் தன் கட்டட விதியைத் திருத்தியது. தளத்தின் விளிம்பையொட்டியோ அதற்கு வெளியேயோ நிற்கும் கைப்பிடிக் கண்ணாடி லேமினேட்டட் வகையாக இருக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பும் 2015 பதிப்பிலிருந்து கைப்பிடிகளுக்குப் பொதுவாக லேமினேட்டட் கண்ணாடியையே கேட்கிறது.

லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் படலம் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியது. கார்களின் முன்கண்ணாடி இந்த வகைதான். ஒரு கண்ணாடி உடைந்தாலும் மற்றது நிற்கும், துண்டுகள் படலத்தில் ஒட்டியே இருக்கும். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: தரைத்தளத்துக்கு மேல் எந்தக் கைப்பிடிக்கும் ஒற்றைக் கண்ணாடி வேண்டாம், அது 12 மி.மீ. தடிமனாக இருந்தாலும் வேண்டாம். இரண்டு டஃபண்டு கண்ணாடிகளை ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியே குறைந்தபட்சம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலும் கிடைக்கும் பி.வி.பி. படலம் மென்மையானது. இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்து உடைந்தால் பலகை நனைந்த போர்வை போல மடிந்து சாய்ந்துவிடலாம். தூண் இல்லாமல் அடியில் மட்டும் பிடித்து நிறுத்தும் நவீன வடிவங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். அதற்கு வழி இரண்டு. ஒன்று, எல்லாப் பலகைகளையும் இணைத்து மேலே ஓடும் உலோகக் கைப்பிடி. மற்றொன்று, உடைந்த பிறகும் விறைப்பாக நிற்கும் அயனோபிளாஸ்ட் படலம். விலை கூடும்தான். கட்டுப்படியாகாது என்றால் மேல்கைப்பிடியையாவது விட்டுவிடாதீர்கள். பார்வையை மறைக்கிறது என்று பலர் முதலில் கழற்றச் சொல்வது அதைத்தான்.

எத்தனை தடிமன் என்பதை ஃபேப்ரிகேட்டர் கண்ணளவில் சொல்லக் கூடாது. நம் நாட்டின் சுமை விதியான ஐ.எஸ். 875, பொதுப் படிக்கட்டு, மொட்டைமாடி போன்ற இடங்களின் கைப்பிடி ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 75 கிலோ பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வேண்டும் என்கிறது. திரையரங்கம் போலக் கூட்டம் நெருக்கும் இடங்களுக்கு அது மூன்று மடங்கு. கல்யாண மண்டபமோ ஷாப்பிங் மாலோ கட்டுகிறவர், வீட்டுக்குப் போட்ட அதே கண்ணாடியைப் போட்டால் அது குற்றத்துக்குச் சமம். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி சரியாக இருந்தும் அதைப் பிடித்திருப்பது கைவிடுவதும் உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு 12 மி.மீ. கண்ணாடி 30 கிலோ கனம். அதைத் தாங்கும் போல்ட் டைல்ஸிலும் பூச்சிலும் இறங்கினால் போதாது. உள்ளே இருக்கும் கான்கிரீட்டில் ஆழமாக இறங்க வேண்டும். கண்ணாடி எங்கேயும் உலோகத்தை நேராகத் தொடக் கூடாது, நடுவே ரப்பர் இருக்க வேண்டும். அடிச் சேனலில் மழைநீர் வடியத் துளை இல்லாவிட்டால் தேங்கிய நீர் படலத்தின் ஓரத்தைப் பிரித்து வெள்ளையாக்கிவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 304 ரக ஸ்டீல் சீக்கிரம் துருப்புள்ளி விடும். 316 ரகம் கேளுங்கள். டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கம் உள்ள வீடுகளில் அந்த ஆவி 316-ஐயும் அரிக்கும்.

டஃபண்டு ஆன பிறகு கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது. “சைட்டில் வைத்து ஓட்டை போட்டுக்கலாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் கொண்டுவருவது டஃபண்டு கண்ணாடி இல்லை.

குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமும் இடைவெளியும் முக்கியம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கைப்பிடிக்குக் குறைந்தது 1 மீட்டர் உயரம் கேட்கிறது. அதை முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும். டைல்ஸ் போட்டபின் உயரம் குறைந்துபோவது வழக்கமாக நடக்கிறது. பலகைகளுக்கு நடுவிலும் அடியிலும் 10 செ.மீ. பந்து நுழையாத அளவே இடைவெளி விடுங்கள். பூத்தொட்டியையும் நாற்காலியையும் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இனி, ஏமாறாமல் இருப்பது எப்படி? பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2553. இதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-ல் பிறப்பித்தது. முத்திரை கண்ணாடியின் மூலையில் அழியாதபடி இருக்க வேண்டும். ஸ்டிக்கர் கணக்கில் வராது. பெரிய கம்பெனி ஸ்டிக்கரைக் காட்டி ஏமாறச் செய்வது எளிது, ஏனென்றால் அந்தக் கம்பெனி கண்ணாடித் தாளை மட்டும் செய்திருக்கும். அதை டஃபண்டு செய்தது வேறொரு பட்டறையாக இருக்கலாம். முத்திரையில் உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் நடப்பில் உள்ளதா என்று தெரியும். லேமினேட்டட்தானா என்று அறிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவே படலத்தின் கோடு தெரியும்.

கொட்டேஷனில் “12 எம்.எம். கிளாஸ் ரெய்லிங்” என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணாடி வகை, இரண்டு தாள்களின் தடிமன், படலத்தின் பெயரும் தடிமனும், ஹீட் சோக் சோதனை, ஸ்டீல் ரகம், உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் மிச்சம் பிடிக்கும் பணம், வழக்கு என்று வரும்போது உங்கள் கையைக் கட்டிப்போடும்.

பில்டரிடம் வாங்கிய ஃபிளாட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-வது பிரிவு துணைக்கு வரும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்திலோ பொருளின் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாட்களுக்குள் செலவில்லாமல் அவர் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம். நீங்களே ஆள் வைத்துச் செய்தது என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வியாபார நோக்கில் வாங்கியவர் பொதுவாக இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். கடைக்கும் ஹோட்டலுக்கும் போடுகிறவர்களுக்கு எழுத்து ஒப்பந்தமே ஆயுதம்.

கண்ணாடி உடைந்துவிட்டால் உடனே பெருக்கித் தள்ளாதீர்கள். முதலில் அந்த இடத்தை அடைத்து, கீழே யாரும் நிற்காமல் பாருங்கள். பிறகு உடைந்த நிலையைப் படம் எடுங்கள். உடைப்பு தொடங்கிய இடத்தில் பட்டாம்பூச்சியின் இரு சிறகுகளைப் போல் ஒட்டிய இரண்டு பெரிய துண்டுகள் இருந்தால், நிக்கல் சல்பைடு காரணமாக இருக்கலாம். அதையும் முத்திரை உள்ள மூலையையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.