வேண்டும் என்னும் ஒற்றைச் சொல்

மூன்று வயதுக் குழந்தையின் பேச்சில் அடிக்கடி வந்து விழும் சொற்களுள் ஒன்று ‘வேண்டும்’ என்பது. தண்ணீர் வேண்டும், பொம்மை வேண்டும், அம்மா வேண்டும், நிலா வேண்டும் என எல்லாவற்றையும் குழந்தை அந்த ஒரே சொல்லால் கேட்கிறது. மொழியும் அதற்கு இடங்கொடுக்கிறது. உயிர் வாழ்வதற்கு உரியதைக் கேட்பதற்கும் உள்ளம் விழைவதைக் கேட்பதற்கும் நம்மிடம் வழங்கும் சொல் ஒன்றே. தாகத்தை ‘நீர்வேட்கை’ என்கிறோம். பொருள்மீது எழும் ஆசையையும் ‘வேட்கை’ என்கிறோம். ஆயினும், குழந்தை பசியால் அழுகிறதா, கடைவாயிலில் தொங்கும் பலூனுக்காக அழுகிறதா என்பதை வீட்டிலுள்ளோர் எளிதில் அறிந்துகொள்கின்றனர். அந்த வேறுபாட்டைக் குழந்தை தானே உணரத் தொடங்குவதுதான் தேவை, விருப்பம் ஆகியன பற்றிய கல்வியின் முதற்படி.

தம்பி, தங்கையரைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்ற எவருக்கும் இக்கல்வியின் அருமை தெரியும். ஆனால், இது கடைத்தெருவில் அடம்பிடிப்பதைத் தடுக்கும் உத்தி மட்டுமன்று. தனக்கு இன்றியமையாதது எது என அறிந்த குழந்தை, அது பிறர்க்கும் இன்றியமையாதது என்பதையும் அறியும்.

பட்டியலின் எல்லை

தொடக்க வகுப்புகளில் இப்பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே கற்பிக்கப்படுகிறது. உணவு, உடை, உறைவிடம் ஆகியவை தேவைகள். மிட்டாய், பொம்மை, மிதிவண்டி ஆகியவை விருப்பங்கள். குழந்தை அதனை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். பட்டியல் தவறானதன்று. மணிமேகலைக் காப்பியமும் உணவு, உடை, உறைவிடம் என்னும் மூன்றையே உயிர்களுக்கு அளிக்கத்தக்க அறமாக முன்வைக்கிறது. ஆனால், பட்டியலை ஒப்பிப்பவர் அதில் இல்லாத ஒரு பொருளைக் கண்டவுடன் திகைத்து நின்றுவிடுவார். மருந்து எதில் அடங்கும்? செருப்பு எதில் அடங்கும்? பாட்டி எதில் அடங்குவார்?

இவ்விடத்தில் தமிழ் நமக்குத் துணைசெய்கிறது. ‘இன்றியமையாதது’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், அஃது இல்லாமல் அமையாதது எனப் பொருள்படும். சொல்லுக்குள்ளேயே ஒரு வினா அடங்கியிருக்கிறது. ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்பதே அவ்வினா. ஆறு வயதுக் குழந்தைக்கும் இது புரியும். விடை தேடும்போது குழந்தை பொருளைப் பார்ப்பதில்லை. பொருள் இல்லாத வாழ்வைக் கற்பனை செய்து பார்க்கிறது.

படவட்டைப் பயிற்சி

குழந்தை உரிமைக் கல்வியில் பல நாடுகளிலும் கையாளப்படும் பயிற்சி ஒன்றுண்டு. இருபது அட்டைகளில் இருபது படங்கள் வரையப்பட்டிருக்கும். தண்ணீர்க்குடம், சோற்றுத்தட்டு, குடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, மருந்துப்புட்டி, பந்து, மிட்டாய், கைப்பேசி, கதைப்புத்தகம், கூரைவீடு, பட்டாசு, பாட்டி என நம்மூர்க் குழந்தைகள் அறிந்தவையாக அவை இருத்தல் நன்று. நான்கு நான்கு பேராக அமர்ந்து, அட்டைகளைத் தேவை, விருப்பம் என இரு குவியல்களாகப் பிரிக்க வேண்டும்.

முதல் பத்து அட்டைகள் விரைந்து பிரிந்துவிடும். பயிற்சியின் பயன் எஞ்சிய அட்டைகளில்தான் இருக்கிறது. குடையைத் தேவை என ஒரு குழந்தை சொல்லும். மழையில் நனைவதே தனக்கு மகிழ்ச்சி என இன்னொரு குழந்தை மறுக்கும். அப்போது ஆசிரியர் விடைகூற விரையாமல் காத்திருக்க வேண்டும். புத்தகப்பை நனைந்தால் என்ன செய்வது என்று மூன்றாவது குழந்தை கேட்டுவிட்டால், வகுப்பு ஆசிரியரின் கையிலிருந்து குழந்தைகளின் கைக்கு மாறிவிட்டது எனலாம்.

அடுத்த நிலையில் ஆசிரியர் ஒரு கதை சொல்வார். வெள்ளம் வருகிறது, ஊரைவிட்டு மேட்டுநிலத்திற்குச் செல்ல வேண்டும், இருபதில் பத்து அட்டைகளை மட்டுமே எடுத்துச் செல்லலாம். பிறகு பத்தும் ஆறாகக் குறையும். மிட்டாயும் பட்டாசும் முதலிலேயே விடைபெற்றுவிடும். மருந்தா, கதைப்புத்தகமா என்னும்போது குரல்கள் உயரும். பாட்டியின் அட்டையை எவரும் கீழே வைக்க உடன்படமாட்டார்கள். பாட்டி ஒரு பொருளல்லர் எனக் குழந்தைகளே வாதிடுவதற்காகத்தான் அவ்வட்டை அங்கு வைக்கப்படுகிறது.

இடமும் காலமும்

ஒரே அட்டை இரு வகுப்புகளில் இரு குவியல்களுக்குச் செல்லக்கூடும். உதகமண்டலத்தில் பயிலும் குழந்தைக்குக் கம்பளிச்சட்டை தேவை. இராமநாதபுரத்துக் குழந்தைக்கு அது பெட்டியில் உறங்கும் உடை. பார்வை தெளிவாக உள்ளவர்க்கு மூக்குக்கண்ணாடி வெறும் அழகுப்பொருள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தைக்கு அதுவே கல்வி. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை விருப்பப் பொருள்களாக இருந்த தொலைக்காட்சியும் கைப்பேசியும் பாடங்கள் வந்துசேரும் வழியாயின. அவை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடமும் எட்டவில்லை.

உடலின் தேவைகள் எல்லோர்க்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர். உலகாளும் வேந்தனும் இரவுபகலாக வேட்டையில் திரியும் எளியவனும் உண்பதிலும் உடுப்பதிலும் அடிப்படையில் வேறுபட்டவர் அல்லர் என்பது புறநானூற்றின் 189ஆம் பாடலில் நக்கீரனார் காட்டும் உண்மை. மிகுந்த செல்வத்தைத் தானே நுகர முயல்வது வீண் என்னும் முடிவுக்கு அவர் செல்கிறார்.

உடலைக் கடந்த தேவைகளைப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டு வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் ஆராய்ந்தார். பழங்காலக் கிரேக்கரும் உரோமரும் லினன் துணியில்லாமலே நலமாக வாழ்ந்தனர். ஆனால், தம் காலத்து ஐரோப்பாவில் நாட்கூலித் தொழிலாளி ஒருவர் லினன் சட்டையின்றிப் பலர்முன் வர நாணுவார் என்று அவர் எழுதினார். தோல்காலணி இங்கிலாந்தில் ஆண், பெண் இருபாலர்க்கும் தேவை. ஸ்காட்லாந்தில் பெண்கள் அதனின்றி நடந்தாலும் இழுக்கில்லை. பிரான்சு நாட்டில் இருபாலருமே அதனின்றி நடக்கலாம் என்றும் வேறுபடுத்திக் காட்டினார். ஊரார்முன் தலைநிமிர்ந்து நிற்பதற்கு ஒரு சமூகத்தில் எது வேண்டுமோ, அதுவும் தேவையே என்பது அவர் கருத்து. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சீருடையும் காலணியும் விலையின்றி வழங்கப்படுவதன் பொருள் இக்கருத்தோடு பொருந்துகிறது. சீருடை குளிரைத் தடுப்பதற்காக மட்டும் அணியப்படுவதன்று. அருகில் அமர்ந்திருப்பவரைவிடத் தான் தாழ்ந்தவரல்லர் என்னும் உணர்வும் அதனோடு சேர்ந்தே அணியப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத தேவைகள்

தேவைகளைப் பொருள்களாக மட்டும் எண்ணுவது பெரியவர்களிடமும் காணப்படும் குறை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளை 1950களில் ஆராய்ந்தார். கம்பியால் செய்த ‘தாய்’ ஒன்றில் பால்புட்டி பொருத்தப்பட்டிருந்தது. மென்துணி போர்த்திய மற்றொரு ‘தாயிடம்’ பால் இல்லை. குட்டிகள் பாலுக்காக மட்டும் கம்பித்தாயிடம் சென்றன. எஞ்சிய நேரமெல்லாம் துணித்தாயையே பற்றிக்கொண்டிருந்தன. உயிரினங்களைத் துன்புறுத்திய ஆய்வு என்னும் கண்டனம் இதன்மீது உண்டு, அக்கண்டனம் நியாயமானதே. எனினும், அரவணைப்பு என்பது உணவுக்குப் பின் வரும் உபரி அன்று என்பதை அது மறுக்கவியலாதபடி காட்டிவிட்டது.

விளையாட்டும் இத்தகையதே. பந்து ஒரு விருப்பப்பொருளாக இருக்கலாம், விளையாடுதல் அவ்வாறன்று. ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக அறிவிக்கிறது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும்போது இப்பிரிவை நினைவுகூர்வோர் மிகச் சிலரே.

விருப்பங்கள் எங்கிருந்து வருகின்றன?

சில விருப்பங்கள் குழந்தையின் உள்ளத்தில் தாமே தோன்றுகின்றன. சில, வெளியிலிருந்து விதைக்கப்படுகின்றன. விளம்பரம் என்பது தம்மை வாங்கத் தூண்டும் முயற்சி என்பதை எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளால் சீர்தூக்கிப் பார்க்க இயலாது என அமெரிக்க உளவியல் கழகம் அமைத்த குழு 2004இல் தெரிவித்தது. கனடாவின் கியூபெக் மாநிலம் 1980 முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரங்களைத் தடைசெய்துள்ளது. அத்தகைய தடையில்லாத இடங்களில், விளம்பரத்தைக் குழந்தையோடு சேர்ந்து பார்த்து, ‘இதைச் சொல்பவர் யார்? ஏன் சொல்கிறார்?’ எனக் கேட்பதே எளிய காப்பு.

காத்திருத்தல்

விருப்பத்தை உடனே நிறைவேற்றாமல் பொறுத்திருக்கும் பண்பைப் பற்றிப் பேசுவோர் ‘மார்ஷ்மெல்லோ சோதனை’யைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. வால்டர் மிஷெல் என்னும் உளவியலாளர் 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் இத்தகைய சோதனைகளைத் தொடங்கினார். குழந்தையின்முன் ஓர் இனிப்பு வைக்கப்படும். ஆய்வாளர் திரும்பி வரும்வரை உண்ணாமல் இருந்தால் இரண்டாகக் கிடைக்கும். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் கல்வியில் சிறந்தனர் என்னும் செய்தி பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் விளைவாக, காத்திருக்க இயலாத குழந்தை மனவுறுதியற்றது என்னும் முடிவும் பரவியது.

இம்முடிவு அவசரமானது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் தலைமையில் நடந்து, 2013இல் வெளியான ஆய்வு இதனை வேறொரு கோணத்தில் அணுகியது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். படம் வரைவதற்கு முதலில் தேய்ந்த வண்ணக்குச்சிகள் தரப்பட்டன. சற்றுக் காத்திருந்தால் புதியவை தருவதாக ஆய்வாளர் உறுதியளித்துச் சென்றார். ஒரு பிரிவினர்க்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மற்றப் பிரிவினரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லை என்று வருத்தம் தெரிவித்தார். ஒட்டுப்படங்களைக் கொண்டும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. அதன் பின்னரே இனிப்புச் சோதனை நடந்தது. சொல் காப்பாற்றப்பட்ட பிரிவினர் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்ட பிரிவினர் மூன்று நிமிடமே காத்திருந்தனர்.

ஏமாந்த குழந்தை உடனே உண்டது மனவுறுதிக் குறைவினால் அன்று. அது சரியாகக் கணக்கிட்டது. நாளைக்கு வரும் என்று சொல்லப்பட்டது நாளைக்கு வருவதில்லை என அனுபவத்தில் அறிந்தவர், கையிலிருப்பதை இன்றே உண்பதுதான் அறிவுடைமை. 2018இல் தொள்ளாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட மற்றோர் ஆய்வில், குடும்பச் சூழலைக் கணக்கில் கொண்டபோது, காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்விக்குமான தொடர்பு பெரிதும் குறைந்துவிட்டது. தேவைகள் தவறாமல் நிறைவேறும் வீட்டில் விருப்பத்தை ஒத்திவைப்பது எளிது.

பள்ளியில் ஒரு தட்டு

இதனால்தான், தேவை பற்றிய பாடத்தைத் தொடங்குமுன் தேவையை நிறைவேற்றும் பொறுப்பு பள்ளிக்கும் அரசுக்கும் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்க முடிவுசெய்தது. 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநில அளவில் விரிவாக்கினார். 1982 சூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கானது. காலையில் உண்ணாமல் வந்த குழந்தையிடம் படவட்டைகளைக் கொடுத்தால், அதன் கண் சோற்றுத்தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காது. நாள்தோறும் குறித்த நேரத்தில் உணவு வருகிறது என்னும் நம்பிக்கையும் அத்தட்டில் சேர்த்தே பரிமாறப்படுகிறது.

வகுப்பறையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘உங்கள் வீட்டில் என்னென்ன தேவைப்பொருள்கள் உள்ளன?’ என எழுதிவரச் சொல்வது எளிய வீட்டுப்பாடம் போலத் தோன்றும். கழிவறையில்லாத வீட்டுக் குழந்தையோ, குடிநீருக்குத் தெருக்குழாயில் காத்திருக்கும் குழந்தையோ அதனை எழுதும்போது எய்தும் வருத்தம் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியாது. கற்பனைக் குடும்பம் ஒன்றைப் படைத்து, அதன் தேவைகளைப் பேசச் செய்தால் இவ்விடர் நேராது. தம் வீட்டுச் செய்தியைச் சொல்ல விரும்பும் குழந்தை தானாகவே சொல்லும்.

வீட்டிலும் சொல்லாட்சியில் கவனம் வேண்டும். கேட்டதை வாங்கித்தர இயலாதபோது, ‘அஃது உனக்குத் தேவையில்லை’ என்று பெற்றோர் கூறுவதுண்டு. விளையாட்டுப் பொருளுக்கு அவ்விடை பொருந்தலாம். அறுந்துபோன செருப்புக்கும் வகுப்புக் குறிப்பேட்டுக்கும் அது பொருந்தாது. ‘அஃது உனக்குத் தேவைதான், இந்த மாதம் வாங்க இயலவில்லை, கூலி வந்ததும் வாங்கலாம்’ என்னும் விடையைக் கேட்கும் குழந்தைக்குச் செருப்பு அன்று கிடைக்கவில்லை. ஆனால், தான் கேட்டது நியாயமானது என்பது தெரிகிறது. எதுவரை காத்திருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது.